கடல் வழியும் வான் வழியும்

இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தொலைவு மாறுவதில்லை. அதனைக் கடக்கும் காலமே மாறுகின்றது. அக்காலம் மாறுந்தோறும் மக்கள் வாழ்வும் மாறும் என்பதற்குப் பினாங்குக்கும் தமிழகத்துக்கும் இடைப்பட்ட கடலே சான்றாகும்.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். பாய்மரக் காலத்தில் பயண நாள்களைப் பருவக்காற்றே வகுத்தது. அக்காற்றின் போக்கறிந்த வணிகர் கடாரத்துக்கு வந்தனர். 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படையும் வந்தது. ஜுருவை அடுத்த புக்கிட் மெர்தாஜாமில், செரோக் தோக்குன் பாறையில் பல்லவ எழுத்து வகையில் அமைந்த வடமொழிப் பொறிப்புகள் இத்தொடர்பின் பழைமையை இன்றும் உணர்த்துகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொணரப்பெற்றனர். நீராவிக் கப்பலால் பயணம் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அடங்கிற்று. எனினும் கரையைக் கண்டதும் பயணம் முடியவில்லை. நோய்த்தடுப்பின் பொருட்டு ஜெரெஜாக் தீவில் பலர் தடுத்து வைக்கப்பெற்ற பின்னரே தோட்டங்களை அடைந்தனர்.

1926-இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறைமுகம், சிங்கப்பூர் ஆகியவற்றை இணைத்தது. தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தோர் எண்ணற்றோர். அந்நாளில் தாய் தந்தையர் மறைந்த செய்தி தந்தி வழியே விரைவில் வந்துவிடும். ஆனால் மகன் அடுத்த கப்பலுக்குக் காத்திருந்து, கடல் கடந்து, ஊர் சேர்வதற்குள் ஈமக்கடன் முடிந்திருக்கும். கருமாதிக்குச் சென்று சேர்வதும் அரிது. தோட்டத்திலேயே தலைமுழுகித் துயர் ஆற்றிக்கொள்வதன்றி வேறு வழியில்லை. 1941 திசம்பரில் போர் மூண்டபோது அக்கப்பல் வழியும் அடைபட்டது.

1973-இல் ‘ரஜூலா’வின் பணி நிறைவுற்றது. அதன்பின் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலில் 1985 பிப்ரவரி 12 அன்று தீப்பற்றிப் பலர் மாண்டனர். அத்தோடு இக்கடலில் பயணிகள் கப்பற் போக்குவரத்தும் முடிவுற்றது.

பாயான் லெப்பாசில் 1935-லேயே வானூர்தி நிலையம் அமைந்தது. ஆயினும் பினாங்குத் தமிழர் நெடுங்காலம் கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாகவே சென்னைக்குப் பறந்தனர். 2024 திசம்பர் 21 அன்று இண்டிகோ நிறுவனம் சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடிச் சேவையைத் தொடங்கியது. ஏறத்தாழ 2,400 கிலோமீட்டரை வானூர்தி நான்கு மணி நேரத்துக்குள் கடக்கின்றது. மலேசிய நேரம் இந்திய நேரத்தினும் இரண்டரை மணி முந்தியது. ஆதலின் பினாங்கில் காலையில் புறப்படுபவர் சென்னைக் கடிகாரத்தின்படி ஒன்றரை மணிக்குள் இறங்கிவிடுகின்றார்.

இன்று இறப்புச் செய்தி கேட்டவர் அன்றே சென்று முகம் காணலாம். ஆனால் செய்தி சொல்ல அங்கு உறவினர் வேண்டுமன்றோ! கப்பல் நாளில் கடிதம் எழுதியோர் மறைந்தனர். பல குடும்பங்களில் பூர்விக ஊரின் பெயரே மறந்துபோயிற்று. வானூர்தி சென்னை வரையில் கொண்டு சேர்க்கும். அதற்கப்பால் எவ்வூர், எத்தெரு என்பதை வீட்டு முதியோரே கூற வல்லார். அவர் வாழும்போதே கேட்டு எழுதிவைத்தல் இளையோர் கடனாகும்.