ஓரியின் அம்பும் மறு அம்பின் சட்டமும்

திருக்கோவிலூர் மலையமான் திருமுடிக்காரியின் கையால் மாண்டவன் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் அவனது ஓரம்பே வீழ்த்தியதாக வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாடலில் போற்றுகிறார்.

பாட்டில் மறு அம்புக்கு வேலையில்லை. காட்டிலோ, அம்பு தைத்த விலங்கு காயத்தோடு ஓடிவிடுவதுண்டு. அந்நிலைக்கும் நம் மார்க்கம் சட்டம் வகுத்துள்ளது. வேட்டையாடிவந்த அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள்: பிஸ்மில்லாஹ் கூறி எய்த அம்பின் காயம் மட்டுமே உள்ள பிராணி மறுநாள் இறந்து கிடைத்தாலும் உண்ணலாம், நீரில் மூழ்கிக் கிடந்தால் உண்ணக்கூடாது. கொன்றது அம்பா, நீரா என்ற ஐயமே காரணம்.

ஓடும் பிராணிமீது மறு அம்பு எய்யலாம். ஓட இயலாது உயிரோடு வீழ்ந்துவிட்டால், மறு அம்பால் கொல்லாது முறைப்படி அறுத்தல் வேண்டும் என்பர் ஃபிக்ஹு அறிஞர்கள்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் இன்று கல்வராயன் மலையில் வேட்டைக்கு இடமில்லை. ஆயினும் குர்பானிக் கத்தி நம் கையில் உள்ளது. அதனை நன்கு தீட்டி, பிராணியின் வேதனையைக் குறைப்பதும் நபிவழியே. வீரம் ஓரம்போடு முடியலாம்; நம் பொறுப்பு அவ்வுயிர் அடங்கும்வரை நீள்கிறது.