பெயர் அழிக்கப்பட்ட மக்காப் படங்கள்

எங்கட மூத்தம்மாவின் வீட்டுச் சுவரில் மனித உருவப் படம் எதுவும் தொங்கியதில்லை. சட்டம் போட்ட ஒரேயொரு படம் முன்மண்டபத்தில் இருந்தது. கஃபாவும், அதைச் சுற்றித் தொழுகைக்கு நிற்கும் சனமும். "இதில மனிசர் இரிக்கிறாங்களே மூத்தம்மா?" என்று சிறுவயதில் ஒருநாள் கேட்டேன். "அது புள்ளி புள்ளியா இரிக்கி வாப்பா, மொகமா தெரியிது?" என்றா. அந்தப் பதிலில் இருந்த நுணுக்கம் பல வருடங்களுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

மக்காவையும் மதீனாவையும் முதன்முதலில் படம் பிடித்தவர் என அறியப்படுபவர் முஹம்மத் ஸாதிக் பே. எகிப்திய இராணுவப் பொறியியலாளர், பரிசில் படித்தவர். நில அளவைப் பணிக்காக 1861இல் ஹிஜாஸ் சென்றபோது மதீனாவைப் படம் பிடித்தார். 1880இல் எகிப்திய ஹஜ் பயணக் குழுவின் பொருளாளராகப் போனபோது மக்காவையும் பிடித்தார். அன்றைய ஈரத் தகட்டு முறை இலேசான காரியமல்ல. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, அது காய்வதற்கு முன்னர் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். ஹிஜாஸ் வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்! 1881இல் வெனிஸ் நகரில் நடந்த புவியியல் மாநாட்டில் அவருடைய படங்களுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

அவருக்குப் பதக்கமாவது கிடைத்தது. என்னை நெடுநாள் உறுத்துவது மற்றவரின் கதை.

டச்சுக் கீழைத்தேயவியலாளர் ஸ்னூக் ஹுர்குரோன்யே 1885 பெப்ரவரியில் மக்காவுக்குள் நுழைந்தார். இஸ்லாத்தை ஏற்றதாகச் சொல்லி, அப்துல் கஃபார் என்ற பெயரையும் சூடிக்கொண்டார். அங்கே அவர் பழகிய மக்கா வைத்தியர் ஒருவரின் பெயரும் ஸெய்யித் அப்துல் கஃபார்தான். வைத்தியர் படக்கலையில் ஆர்வம் கொண்டவர். அந்த ஆகஸ்டில், ஹஜ்ஜுக்கு முன்னரே, ஸ்னூக் மக்காவிலிருந்து வெளியேற்றப்பட்டார். கமராவை வைத்தியரிடம் விட்டுவிட்டுப் போனார். ஹாஜிகளையும், கூடாரங்களையும், மக்காவின் பெரிய மனிதர்களையும் படம் பிடித்து வைத்தியர் ஹொலந்துக்கு அனுப்பினார். ஓரத்தில் தன் பெயரை அழகான அறபு எழுத்தில் பொறித்திருந்தார்.

1889இல் ஸ்னூக் அவற்றை நூலாக வெளியிட்டார். பெரும்பாலான படங்களில் அந்தக் கையெழுத்து அழிக்கப்பட்டிருந்தது. நூலில் அவர் 'மக்கா வைத்தியர்' மட்டுமே. பெயர் இல்லை. நூறாண்டு அளவில் உலகம் அவற்றை ஸ்னூக்கின் படங்களாகவே பார்த்து வந்தது. அழிபடாத பிரதிகளைப் பார்த்த ஆய்வாளர்களாலேயே வைத்தியரின் பெயர் மீண்டது.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். புகைப்படம் ஆகுமா ஆகாதா என்று உலமாக்கள் வாதிட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, ஹரம் இருக்கும் நகரத்தில் ஒரு ஸெய்யித் கமரா வைத்திருந்திருக்கிறார். புகைப்படம் புதிதாக உருவம் படைப்பதல்ல, விழுகின்ற நிழலைப் பிடித்து வைப்பதுதான் என்ற வாதத்தைப் பின்னாளில் எகிப்திய முப்தி முஹம்மத் பகீத் அல்முதீஈ முன்வைத்தார். ஏற்காதவர்களும் இருந்தார்கள், இருக்கிறார்கள்.

எங்கட வீட்டில் அந்த விவாதத்தை முடித்து வைத்தது பத்வா அல்ல, அரசாங்கம். 1968ஆம் ஆண்டின் ஆட்களைப் பதிவு செய்யும் சட்டத்தின் கீழ் 1972இலிருந்து அடையாள அட்டை வந்தது. படமில்லாமல் அட்டை இல்லை. முக்காட்டை நெற்றிவரை இழுத்துக்கொண்டு மூத்தம்மாவும் ஸ்டூடியோவுக்குப் போனா. "வெளக்கு கண்ணக் குத்திச்சி" என்பதுதான் அதைப்பற்றி அவ சொன்ன ஒரே சொல்.

மௌத்தான பிறகு தேடிப் பார்த்தோம். எழுபது வருடத்துக்கும் மேல் வாழ்ந்தவவுக்கு இருந்த ஒரே முகம் அந்த முத்திரை அளவுப் படம்தான். மிஞ்சியிருந்த ஒரு கொப்பியைப் பெருப்பித்தோம். கண் இரண்டும் தெளிவில்லை, ஆனால் ஆள் அவதான்.

கொப்பியின் பின்பக்கம் ஸ்டூடியோவின் றப்பர் முத்திரை இருக்கிறது. மை ஊறிப் பரந்துவிட்டதால், பிடித்தவரின் பெயரை வாசிக்க முடியவில்லை.