கம்பெரலிய: புரண்ட வீடும் புரளாத மனசும்

"கம்பெரலிய" எண்டு சொன்னால் எங்கட பக்கத்துச் சனத்துக்கு முதலில் ஞாபகம் வாறது ஒழுங்கைதான். 2018 இல் அரசாங்கம் தொடங்கிய கிராம அபிவிருத்தித் திட்டத்துக்கு வைத்த பெயர் அது. வடக்கிலும் கிழக்கிலும் அந்தக் காசில் வேலைகள் நடந்தன, பெயர்ப்பலகைகள் நட்டார்கள். தமிழ் எழுத்தில் ஒரு சிங்களச் சொல். அது ஒரு நாவலின் பெயர் என்பது எங்களில் பலருக்கு அப்போது தெரியாது. பிறகு நாவலையும் படத்தையும் தேடிப் போனபோது கொஞ்சம் சிரிப்பும் வந்தது. ஏனென்றால் அந்தக் கதையில் கிராமம் முன்னேறுவதே இல்லை. ஒரு பெரிய வீடு, கறையான் அரித்த மரம் மாதிரி, மெல்ல மெல்ல உள்ளுக்குள் உக்கிப்போகிறது.

"கம" எண்டால் கிராமம். "பெரளிய" எண்டால் புரள்வு, தலைகீழாக மாறுதல். மார்ட்டின் விக்ரமசிங்க இந்த நாவலை 1944 இல் வெளியிட்டார். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963 இல் அதைப் படமாக்கினார். நாங்கள் படத்தைப் பார்த்து முடித்த இரவு ஒரு கேள்வியில் பிடிபட்டு நெடுநேரம் கதைத்துக்கொண்டிருந்தோம்: கடைசியில் பியல் வென்றானா? ஒருத்தர் ஓம் என்றார், ஒருத்தர் இல்லை என்றார். இந்தக் கட்டுரை அந்த வாக்குவாதத்தின் மிச்சம்தான்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். தென்பகுதிக் கிராமம் ஒன்றில் "மகாகெதர", அதாவது பெரிய வீடு. வீட்டுக்காரர் கைசாருவத்தே முகாந்திரம். மூத்த மகள் அனுலா, இளையவள் நந்தா, மகன் திஸ்ஸ. நந்தாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வருகிறவன் பியல். இரண்டு பேருக்கும் விருப்பம். ஆனால் பியலின் குடும்பம் இந்த வீட்டுக்குக் கீழே வைத்துப் பார்க்கப்பட்ட குடும்பம். சம்பந்தம் மறுக்கப்படுகிறது. பியல் கொழும்புக்குப் போய் வியாபாரத்தில் காசு பார்க்கிறான். நந்தாவை ஜினதாசவுக்குக் கட்டிவைக்கிறார்கள். குடும்பப் பெயர் இருக்கிறது, கையில் காசு இல்லை. முகாந்திரம் இறந்த பிறகு காணிகள் கைவிட்டுப் போகின்றன. ஜினதாச பிழைப்புத் தேடி பிபிலைப் பக்கம் போய் அங்கேயும் தோற்கிறான். அவன் செத்துப்போனதாகச் செய்தி வருகிறது. நந்தா பியலைக் கட்டுகிறாள். பிறகுதான் ஜினதாச உண்மையில் இறந்த செய்தி வருகிறது. முதல் செய்தி பிழை.

இதை ஒரு காதல் கதையாக மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும். கதை நடக்கிற இடத்தையும் காலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேணும். விக்ரமசிங்க 1890 இல் பிறந்த ஊர் கொக்கல. காலிக்கும் மாத்தறைக்கும் இடையில், கடலும் களப்பும் சேர்கிற இடம். ஒரு காலத்தில் காலிதான் இந்தத் தீவின் பெரிய துறைமுகம். 1880களில் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டி முடிந்ததும் கப்பல்கள் அங்கே போய்விட்டன. 1894 இல் புகையிரதப் பாதை காலிக்கு வந்தது, அடுத்த வருசம் மாத்தறைக்கு. கப்பலோடு காசும் கொழும்புக்குப் போயிற்று, காசைத் தேடிப்போகச் சனத்துக்கு ரயிலும் வந்தது. பியல் மாதிரியான பெடியன்கள் ஏறிப்போன காலம் அது.

இன்னொரு பக்கம், முகாந்திரம், முதலியார் என்கிற பட்டங்கள் எல்லாம் வெள்ளைக்காரனின் நிர்வாகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த மரியாதைகள். அவை ஊரில் தலைநிமிர்ந்து நடக்க உதவும், புதுக்காசு கொண்டு வராது. சாராயக் குத்தகை, காரீயம், தென்னை, கடை வியாபாரம் எண்டு இறங்கினவர்களிடம்தான் புதுக்காசு சேர்ந்தது. பெரிய வீட்டுக்காரருக்கு வியாபாரம் என்பது கௌரவக் குறைச்சல். அந்தக் கௌரவத்துக்கு அவர்கள் கொடுத்த விலைதான் இந்த நாவல்.

எங்களை நிற்கவைத்த இன்னொரு விசயமும் இருக்கிறது. நாவல் வருவதற்கு இரண்டு வருசத்துக்கு முன், 1942 இல், உலகப் போருக்காக பிரிட்டிஷ் விமானப்படை கொக்கலவை எடுத்துக்கொண்டது. சனத்தை எழுப்பினார்கள், வீடுகள் போயின. விக்ரமசிங்கவின் பரம்பரை வீடு தப்பிப் பிழைத்தது. இன்றைக்கு அது அருங்காட்சியக வளவுக்குள் நிற்கிறது. நாவலில் இந்தப் போர் வராது, அதன் காலம் வேறு. ஆனால் 1944 இல் அந்தத் தலைப்பை வாசித்த கொக்கலக்காரருக்கு "கிராமம் புரண்டது" என்பது வெறும் உவமையாகவா இருந்திருக்கும்? அதே போரின்போதுதான் பலாலியிலும் விமானத்தளம் போடப்பட்டது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி ஓடின குடும்பங்களின் பிள்ளைகள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். விமானத்தளத்துக்காக ஒரு ஊர் எப்படி இல்லாமல் போகும் எண்டு எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனிப் பாத்திரங்களுக்கு வருவோம்.

வாசகர்கள் சாதாரணமாகக் கவனிக்காமல் விடுகிறவன் ஜினதாச. வில்லனும் இல்லை, நாயகனும் இல்லை, நடுவில் வந்து போகிற கணவன். எங்களுக்கு அவன்தான் இந்த வரலாற்றின் சரியான சாட்சி. நல்ல குடும்பத்துப் பெடியன் என்பதைத் தவிர அவனிடம் வேறு தகுதி இல்லை. அந்த ஒரு தகுதிக்குத்தான் அவனுக்குப் பெண் கொடுத்தார்கள். அது செல்லாக்காசாகிப் போனபோது அவனுக்குச் செய்யத் தெரிந்த வேலை எண்டு ஒண்டும் இல்லை. வியாபாரம் கேவலம் எண்டு வளர்த்தவனை வியாபாரம் செய்யச் சொல்லி அனுப்பினால் என்ன நடக்கும்? மானக்கேட்டோடு ஊருக்குத் திரும்ப ஏலாது, அங்கேயும் நிலைக்க ஏலாது. படத்தில் ஜினதாசவாக நடித்தவர் காமினி பொன்சேகா. சிங்களத் திரையில் பெரிய நட்சத்திரமாக வளர்ந்துகொண்டிருந்தவர், இங்கே தோள் குனிந்து, குரல் தணிந்து நிற்கிறார்.

அடுத்தது அனுலா. கட்டாமலே இருந்துவிட்ட அக்கா. கதை அவளைப் பெரிதாகக் கவனிக்காது. ஆனால் எங்கட ஊர்களில் இப்படியான ஒரு அக்காவோ சின்னம்மாவோ மாமியோ இல்லாத பரம்பரை வீடு இருக்கிறதா? தகுதிக்கு ஏற்ற இடம் வராது, வருகிற இடத்துக்குத் தகுதி போதாது. வீட்டின் மரியாதையைக் காப்பாற்றுகிற வேலை அவளின் தலையில் விழுகிறது, சம்பளம் இல்லாத உத்தியோகம் மாதிரி. காணி உறுதியில் எந்தக் காணி எப்போது விற்கப்பட்டது எண்டு இருக்கும். அனுலா எப்போது நம்பிக்கையை விட்டாள் எண்டு எந்த உறுதியிலும் இருக்காது. நாவல் ஒன்றை வரலாற்றுக்காக வாசிப்பதன் பிரயோசனம் அதுதான் எண்டு நினைக்கிறோம்.

நந்தாவைப் பற்றி எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஒரு பக்கம், அவள் எதையும் எதிர்க்கவில்லை, சொன்ன இடத்தில் கழுத்தை நீட்டினாள் என்ற குற்றச்சாட்டு. மறுபக்கம், ஜினதாசவோடு வறுமையில் வாழ்ந்த காலத்தை அவள் பொய்யாக்கவில்லை என்ற பதில். நாங்கள் இரண்டாவது பக்கம் சாய்கிறோம். பெரிய வீட்டின் பெருமையை அவளும் உள்ளுக்குள் சுமந்தவள்தான். பியல் மீது விருப்பம் இருந்தும் அவனைத் தன்னிலும் கீழாகப் பார்க்கிற பார்வை அவளுக்குள்ளும் இருந்தது. ஆனால் ஜினதாசவின் மனைவியாக இருந்த வாழ்க்கையைப் பிறகு பியலுக்காக அழித்துவிட அவள் தயாரில்லை.

பியலுக்குப் பொறுக்க முடியாமல் போவதும் அதுதான். ஜினதாசவின் உண்மையான மரணச் செய்தி வந்த பிறகு அவனுக்குள் கிடந்த பொறாமை வெளியே வருகிறது. காசு இருக்கிறது, கொழும்பு இருக்கிறது, கேட்ட பெண்ணும் கிடைத்துவிட்டாள். அப்படியும் ஒரு காலத்தில் "உனக்குத் தகுதியில்லை" எண்டு சொன்ன வீட்டின் அங்கீகாரத்துக்காக அவன் இன்னும் வாசலில் நிற்கிறான். அந்த வீட்டை அவன் வெறுக்கவில்லை, அதைப் போல ஆகத்தான் ஆசைப்பட்டான். பெரிய வீடு விழுந்தது. எவர் மேல், எவர் கீழ் எண்டு அளக்கிற அதன் கோல் விழவில்லை, பியலின் கைக்கு மாறியது. விக்ரமசிங்க இந்தக் கதையை இங்கே நிறுத்தாமல் "யுகாந்தய" (1949), "கலியுகய" (1957) எண்டு தொடர்ந்தார். "கலியுகய"வில் இதே நந்தாவும் பியலும் கொழும்பு வாழ்க்கையில் தங்கள் பிள்ளைகளோடு முட்டுப்படுகிறார்கள். கோல் அடுத்த தலைமுறையை அளக்கத் தொடங்கிவிட்டது.

படம் ஏன் முக்கியம் எண்டு விளங்க அதற்கு முந்தின காலத்தைப் பார்க்க வேணும். முதலாவது சிங்களப் பேசும் படமான "கடவுனு பொரொந்துவ" (1947) எடுக்கப்பட்டது மதுரையில். தயாரித்தவர் எஸ். எம். நாயகம், தமிழர். அதற்குப் பிறகும் பல வருசங்களாகச் சிங்களப் படங்கள் தென்னிந்திய ஸ்டூடியோக்களிலேயே, அந்த அச்சிலேயே வந்தன: பாட்டு, நடனம், சண்டை, பகிடி. லெஸ்டர் 1956 இல் "ரேகாவ"வை எடுத்தபோதே ஸ்டூடியோவை விட்டுக் கமராவை வெளியே கொண்டுவந்துவிட்டார். "கம்பெரலிய"வில் பாட்டு நடனச் சூத்திரமும் இல்லை. ரெஜி சிறிவர்தனவின் திரைக்கதை, வில்லியம் பிளேக்கின் ஒளிப்பதிவு, அமரதேவவின் இசை. நந்தாவாக புண்யா ஹீந்தெனிய, பியலாக ஹென்றி ஜயசேன. பலப்பிட்டியவில் ஒரு பழைய "வலவ்வ"வுக்குள் எடுத்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கட "வளவு" ஞாபகம் வராமல் இருக்காது. 1965 இல் புதுடெல்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் இந்தப் படத்துக்குத் தங்க மயில் விருது கிடைத்தது.

படத்தில் சத்தமாக அழுகிறவர்கள் குறைவு. கதவு, யன்னல், நீண்ட விறாந்தை, அதில் ஆரோ ஒருத்தர் நடந்து போகிறார். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுகிற குடும்பம் எப்படி இருக்கும் எண்டு அந்த வீடே காட்டிவிடுகிறது.

ஆனால் எங்களுக்கு ஒரு குறையும் இருக்கிறது. நாவலும் படமும் பெரிய வீட்டின் உள்ளே நின்றுதான் பார்க்கின்றன. முற்றத்தில் வேலை செய்தவர்கள், தேங்காய் பிடுங்கினவர்கள், குசினியில் நின்றவர்கள் ஓரத்தில்தான் வருகிறார்கள். வீடு விழுகிறதைப் பார்த்து அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? அழுதிருப்பார்களா, பெருமூச்சு விட்டிருப்பார்களா? இந்தக் கேள்வியோடு கே. டானியலின் "பஞ்சமர்" (1972) நாவலுக்குப் போனால் வித்தியாசம் பளிச்செண்டு தெரியும். டானியல் யாழ்ப்பாணத்துப் பெரிய வீட்டைப் படலைக்கு வெளியே நின்று பார்த்தவர். அங்கே வீட்டின் வீழ்ச்சிக்காக ஒப்பாரி இல்லை, அது விழுத்தப்பட வேண்டிய ஒன்று. விக்ரமசிங்க உள்ளே நின்றும் டானியல் வெளியே நின்றும் எழுதியது ஒரே சுவரைப் பற்றித்தான். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் அந்தச் சுவரின் தடிப்பு தெரியும்.

அந்த வாசிப்புக்கு மொழி ஒரு சாட்டாக இருக்க முடியாது. "கம்பெரலிய"வை எம். எம். உவைஸ் 1960களிலேயே "கிராமப் பிறழ்வு" எண்டு தமிழில் தந்துவிட்டார். பாணந்துறைப் பக்கத்து முஸ்லிம் அறிஞர் ஒருவர், தென்பகுதிச் சிங்களக் கிராமத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். நாங்கள் பிறப்பதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன் அந்தப் புத்தகம் இருந்திருக்கிறது. எங்களிடம் வந்து சேர்ந்ததோ றோட்டோரப் பெயர்ப்பலகை மட்டும்.

அப்ப பியல் வென்றானா? இப்போது கேட்டால், வீட்டை வென்றான், அந்த வீடு தனக்குள் போட்டுவைத்த அளவுகோலிடம் தோற்றான் எண்டுதான் சொல்வோம். எங்களில் ஒருத்தர் இன்னும் இதை ஏற்கவில்லை. "வெளிநாட்டுக் காசு வந்து புதுசாய்க் கட்டின வீடுகளில் கலியாணப் பேச்சு எப்படி நடக்குது எண்டு போய்க் கேட்டுட்டு வாங்கோ, பிறகு கதைப்பம்" எண்டு சொல்லிவிட்டுப் போனார். கேட்டுப் பார்த்தோம். முதல் கேள்வி இப்பவும் "ஆர் ஆக்கள்?" என்பதுதான்.