நாற்பது சொட்டுக் கணக்கு

உண்ட சோறு சாரமாகிறது, சாரம் செந்நீராகிறது, அது ஊனாகவும் கொழுப்பாகவும் எலும்பாகவும் எலும்புக்குள்ளிருக்கும் மச்சையாகவும் படிப்படியாகப் பக்குவப்பட்டு, ஏழாவதாகச் சுக்கிலம், அதாவது விந்து, விளைகிறது என்றார்கள் நம் சித்த வைத்தியர்கள். ஆயுர்வேதமும் இதே வரிசையில் ஏழு தாதுக்களைச் சொன்னது. உடம்பு இயங்கும் விதத்தை விளக்க எழுந்த இந்தக் கோட்பாடு வாய்வழியாக ஊருக்குள் இறங்கியபோது, கூடவே ஒரு கணக்கும் ஒட்டிக்கொண்டது: நாற்பது சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்து. அப்படியென்றால், இளைஞன் ஒருவனுக்குத் தூக்கத்தில் வெளியேறியது எத்தனை சொட்டு ரத்தம்?

இது நம் ஊர்ப் பயம் மட்டும் என்றுதான் தோன்றும். ஆனால் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆயுர்வேதத்தின் வாசனையே எட்டாத லண்டனில், பெயர் சொல்லாத ஒருவர் சுயஇன்பத்தின் ‘கேடுகள்’ பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். படித்து நடுங்கியவர்களுக்கு அந்த நூலே மருந்தையும் சிபாரிசு செய்தது. பயமும் லேகியமும் ஒரே கடையில் விற்ற முதல் பெரிய வியாபாரங்களுள் அதுவும் ஒன்று. போலி வைத்தியம் என்று ஒதுக்கியிருக்கலாம். அதற்குள், நிஜமான மருத்துவர் ஒருவர் பேனாவை எடுத்துவிட்டார்.

அவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து சாமுவேல் திசோ. மதிப்பு மிக்க மருத்துவர். 1760இல் பிரெஞ்சில் வந்த அவருடைய நூல், ஒரு அவுன்ஸ் விந்தை இழப்பது நாற்பது அவுன்ஸ் ரத்தத்தை இழப்பதற்குச் சமம் என்றது. அதே நாற்பது! நூல் பல மொழிகளுக்குப் போனது. 1830களில் அமெரிக்காவில் சில்வஸ்டர் கிரகாம் என்பவர், காமத்தைத் தணிக்கக் காரம், இறைச்சி எல்லாவற்றையும் விட்டு முழுக் கோதுமை ரொட்டி சாப்பிடச் சொல்லி ஊர் ஊராகப் பேசினார். நூறு ஆண்டுகளுக்கு மேல் மேற்கத்திய மருத்துவம் இந்தப் பயத்தை மாணவர்களுக்குப் பாடமாகவே சொல்லிக்கொடுத்தது. 20ஆம் நூற்றாண்டில் அறிவியல் முன்னேற, அந்தப் பாடம் மெல்ல நழுவியது. பிறகு, தான் அப்படி நம்பியிருந்ததையே மேற்கு மறந்துபோனது. அந்த மறதி பின்னால் பெரிய குழப்பத்தில் கொண்டுவிட்டது.

இங்கே யாரும் மறக்கவில்லை. 1954இல் இந்திய அரசு, மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விளம்பரப்படுத்தி மருந்து விற்கக் கூடாத நோய்களின் பட்டியலில் ஆண்மைக் குறைவும் இருந்தது, நரம்புத் தளர்ச்சியும் இருந்தது. விற்பவனைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. வாங்குபவனுக்கு என்ன நோய் என்று சொல்ல மட்டும் எந்த மருத்துவப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை.

அந்த வரி லக்னோவில் பிறந்தது. இன்று பாகிஸ்தானில் இருக்கும் குஜ்ரன்வாலாவில் பிறந்த நரேந்திர நாத் விக், அப்போது முப்பதை எட்டிக்கொண்டிருந்த இளம் மனநல மருத்துவர். சிறுநீரோடு தாது போகிறது, கை கால் ஓய்ந்துவிட்டது, கல்யாணம் செய்துகொள்ளவே பயமாக இருக்கிறது என்று இளைஞர்கள் முறையிட்டார்கள். சோதித்தால் விந்து போனதற்குத் தடயமே இல்லை. ‘உனக்கு ஒன்றுமில்லை, போய் வா’ என்று அனுப்புவதுதான் எளிது. அப்படி அனுப்பப்பட்டவர்கள் நேராக லேகியக் கடைக்குப் போனார்கள். விக் வேறு வழியில் யோசித்தார். போகாத ஒன்றுக்காக ஒருவர் இத்தனை களைப்பும் கலக்கமும் படுகிறார் என்றால், அந்தக் கலக்கமே நோய்தானே? 1960இல் அவர் அதற்குப் பெயர் சூட்டினார். நோயாளிகள் வாயில் வந்த சொல்லையே எடுத்து, ‘தாத் சிண்ட்ரோம்’ என்றார். இந்தக் கதையில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது அந்த மரியாதைதான்.

பெயர் கிடைத்தும் செய்தி எல்லா இடத்துக்கும் போகவில்லை. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை என்று சென்னையின் மேற்கே வேலைகள் முளைத்தன. வெளியூர்ப் பையன்கள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். ஊரை விட்டு வந்து, ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்கி, இதைப் பற்றிக் கேட்க ஒரு பெரியவர்கூட அருகில் இல்லாதவர்கள். அவர்களுக்குப் பதில் சொன்னவை சுவரொட்டிகள்: இளமையில் செய்த தவறுக்கு நிவாரணம், இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் முகாம். சட்டத்தைத் தாண்டி அவை ஒட்டப்பட்டன. ஆராய்ச்சியாளர்களோ அதற்குள் அடுத்த திருப்பத்தில் இருந்தார்கள்.

1975இல் மல்ஹோத்ராவும் விக்கும் எழுதிய கட்டுரை, இதைக் கீழைநாடுகளின் கலாசாரத்தோடு பிணைந்த பாலியல் மனக்கலக்க நோய் (நியூரோசிஸ்) என்றது. 1988இல் பெங்களூரின் மனநல மருத்துவர் சதுர்வேதி, வெள்ளைப்படுவதால் உடம்பே உருகிப்போவதாக அஞ்சும் பெண்களிடமும் இதேபோன்ற களைப்பையும் வேதனையையும் பதிவு செய்தார். 1992இல் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி. 10 அச்சானபோது, லக்னோவில் பிறந்த பெயர் அதில் ஏறியிருந்தது. அம்பத்தூரிலிருந்தோ பூந்தமல்லியிலிருந்தோ கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை வரை போகும் இளைஞனின் சீட்டில் டாக்டர் கிறுக்கக்கூடிய ‘எஃப் 48.8’ என்ற குறியீடு அதுதான்.

ஆனால் ‘கீழைநாட்டு’ நோய் என்ற முத்திரை நிலைக்கவில்லை. 2004இல் இலங்கையைச் சேர்ந்த அதுல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும், மனநல மருத்துவர் தினேஷ் புக்ராவுடன் சேர்ந்து பழைய ஏடுகளைப் புரட்டி, பிரிட்டிஷ் மனநல இதழில் திசோவையும் கிரகாமையும் மீண்டும் கூண்டில் ஏற்றினார்கள். மேற்கு மறந்துபோன இந்தப் பயம் ஒரு காலத்தில் அங்கேயும் செழித்திருந்தது என்று சான்றுகளோடு காட்டினார்கள்.

சீட்டில் ‘எஃப் 48.8’ என்று எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. சர்க்கரையும் கிருமித்தொற்றும் இல்லை என்று பார்க்க வேண்டும். சிறுநீர் வெள்ளையாகக் கலங்கியிருந்தால் பெரும்பாலும் பாஸ்பேட் உப்பு. சிறிது அசெட்டிக் அமிலம் விட்டால் தெளிந்துவிடும். இளைஞனின் கண் முன்னாலேயே அதைச் செய்து காட்டுவது நல்லது. அப்புறம்தான் உளவியலாளரின் வேலை தொடங்குகிறது: இந்தப் பயத்தை முதலில் யார் சொல்லிக் கேட்டான், எத்தனை நாளாகத் தூக்கமில்லை, இதுவரை லேகியத்துக்கு எவ்வளவு பணம் கொடுத்தான், சாக வேண்டும் என்று தோன்றியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பது. விந்து உடலில் எப்படி உருவாகிறது என்று பொறுமையாக விளக்குவதே சிகிச்சையின் பெரும்பகுதி. மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் அதற்குத் தனியாக மருந்து உண்டு.