தைப்பட்டமும் தோல் சாலும்

ஆடிப்பட்டத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதியாகிவிட்டது. தைப்பட்டத்தைப் பற்றித்தான் பேச்சில்லை. ஆடி விதைப்பு வானத்தை நம்பியது. அதில் சேரிக்கும் கொஞ்சம் பங்கு கிடைத்தது: குடிசையோரம் நாலு அவரை, ஒரு சுரை, கூரைமேல் பூசணிக்கொடி. மார்கழிப் பனியில் அவரை காய்த்துத் தள்ளும். ஆனால் வடகிழக்கு மழை ஓய்ந்தபிறகு போடுகிற கத்திரிக்கும் வெண்டைக்கும் கிணறு வேண்டும். கிணறு யாரிடம் இருந்தது?

சேலம், நாமக்கல் சமவெளியில் காவிரிக் கரையோரம் தவிர மற்ற இடங்களில் ஏரியும் கிணறும்தான். கிணற்று நீரை ஏற்றியது கவலை. ஜோடி மாடு, வடக்கயிறு, சால், சாலின் அடியில் தும்பிக்கை மாதிரித் தோல்வால். செத்த மாட்டைச் சுமந்து, உரித்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தித் தைத்தவர்கள் அருந்ததியர். தண்ணியிலயே கெடந்து தோல் சீக்கிரம் நைஞ்சு போகும். கிழிந்தால் ராத்திரியானாலும் ஓடணும். ஒருநாள் இறைப்பு நின்றால் நாற்று வாடிவிடும் இல்லையா? கூலி, களத்துமேட்டில் வருஷத்துக்கு இத்தனை வள்ளம் தானியம்.

எங்க அவ்வா (வீட்டில் தெலுங்கு, காட்டில் தமிழ்) சொல்லும்: “நாம தெச்ச தோல் நாளெல்லாம் கெணத்துக்குள்ள முங்கி எந்திரிக்கும். அதுக்குத் தீட்டு இல்ல. நாம ஒரு கை தண்ணி மோந்தா தீட்டு.” தீண்டாமையின் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை தந்தார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. தரிசு நிலம் கைக்கு வந்தாலும் அதில் தைப்பட்டம் போட முதலில் கிணறு வெட்டணும். நிலத்தையே பிடுங்கிக்கொண்ட ஊர்களில் கிணற்றைப் பற்றிப் பேசுவானேன்!

சுதந்திரத்துக்குப் பிறகு மின்மோட்டார்கள் பெருகின. கவலை நின்றது, சால் தைத்த கைகளுக்கு வந்த தானியமும் நின்றது. 1990இல் விவசாய மின்சாரம் எல்லோருக்கும் இலவசமானது. எல்லோருக்கும் என்றால், மோட்டார் வைத்திருந்தவர்களுக்கு. தை மாசத்தில் எங்கள் பெண்கள் அதே காடுகளுக்குத் தக்காளி நாற்று நடக் கூலிக்குப் போனார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் வாய்க்காலைக் காட்டினார்கள்.