நாணயம் சுண்டிப் பார்த்திருந்தால்

1990-களின் தொடக்கத்தில் ஒரு வங்கிக்காக நாங்கள் எழுதிய புரோகிராமில், ஆம் அல்லது இல்லை என்று தேர்ந்தெடுக்கும் விருப்பங்கள் 15 இருந்தன. ஒவ்வொரு கிளையும் தன் வழக்கப்படி அவற்றை அமைத்துக்கொள்ளலாம்.

ஒரு கிளையில் மட்டும் மாதாமாதம் கணக்கு உதைத்தது. அங்கிருந்த வயதான கணக்கர் மீது சந்தேகம் விழுந்தது. “இருபத்தாறு வருஷ சர்வீஸ் சார், ஒரு ரூபாய்கூடத் தப்பினதில்லை” என்று என்னிடம் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

மூன்று வாரம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. வைப்புத்தொகை வட்டியை முழு ரூபாயாக்குவது ஒரு விருப்பம். அந்த வட்டியைச் சேமிப்புக் கணக்கில் வரவு வைப்பது இன்னொன்று. தனித்தனியே இரண்டும் சரி. இரண்டையும் சேர்த்துப் போட்டால், பற்றில் பைசாவோடும் வரவில் பைசா இல்லாமலும் பதிவாகிவிடும். நாங்கள் சோதித்துப் பார்த்த மூன்று அமைப்புகளில் இந்த ஜோடி வரவே இல்லை.

15 விருப்பங்கள் என்றால் 32,768 விதமான அமைப்புகள். அத்தனையையும் யார் சோதிப்பது?

எங்களுக்குத் தெரியாத ஒரு வழி அப்போதே அமெரிக்காவில் பிறந்திருந்தது. 1988-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், ஒரு மழைநாள் இரவு வீட்டிலிருந்து தொலைபேசி வழியாகக் கணினியில் வேலை செய்தார். இடிமழையில் இணைப்பில் இரைச்சல் புகுந்தது. கண்டபடி எழுத்துகள் உள்ளே போக, புரோகிராம்கள் பாதியில் நின்றன. அதையே அவர் மாணவர்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்தார். குத்துமதிப்பான எழுத்துகளை வேண்டுமென்றே ஊட்டியதில், சோதித்த யூனிக்ஸ் புரோகிராம்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று விழுந்தது. 1990-இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

மில்லர் குலுக்கிப் போட்டது உள்ளீட்டை. லினக்ஸ்காரர்கள் விருப்பங்களையே குலுக்கினார்கள். லினக்ஸின் மையப் பகுதியில் இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விருப்பங்கள் உண்டு. ‘ராண்ட்கான்ஃபிக்’ என்ற கட்டளையைக் கொடுத்தால், நாணயம் சுண்டுவதுபோல ஒவ்வொன்றுக்கும் ஒரு விடையை அதுவே போட்டுக்கொள்ளும். மனிதர் யாரும் யோசிக்காத சேர்க்கைகள் அதில் வந்து மாட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் பெல்ஜிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதற்கு நேர்மாறாக, ‘ஜேஹிப்ஸ்டர்’ என்ற மென்பொருளின் 26,256 அமைப்புகளையும் ஒன்றுவிடாமல் சோதித்தார்கள். நூற்றுக்கு 35 பங்குக்கு மேல் தோல்வி. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஆறே ஆறு சேர்க்கைகள்தான்!

நம்பிக்கை தருவது இதுதான். பிழைகள் பெரும்பாலும் ஓரிரு விருப்பங்களின் உரசலில் பிறக்கின்றன. இரண்டு விருப்பம் சேர்ந்தால் வரும் பிழை, குலுக்கிய அமைப்பு நான்கில் ஒன்றில் தென்படும். பத்து அமைப்பைக் குலுக்கினால் அது தப்பிக்க வாய்ப்பு நூற்றுக்கு ஆறுக்கும் குறைவு. பத்து விருப்பம் ஒருசேர அமைந்தால்தான் வரும் பிழை என்றால் 1,024-இல் ஒன்று. அங்கே குலுக்கலை மட்டும் நம்ப முடியாது.

எங்களுடையது இரண்டு விருப்பப் பிழை. நாங்களோ, கிளைகள் எப்படிப் பயன்படுத்தும் என்று நாங்களே நினைத்துக்கொண்டதை மட்டும் சோதித்தோம். ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டிப் பத்து அமைப்புகளைப் பார்த்திருந்தால், அந்தப் பெரியவர் மூன்று வாரம் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

பிழையைத் திருத்திய அன்று அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை சார், காபி சாப்பிடுங்க” என்றார்.