பிராக் நகரில் கண்டதும் கேட்டதும்

பிராக் நகரத்தின் கல் பாவிய தெருக்களில் காலை நேரத்திலேயே குடைகள் உயரத் தொடங்கிவிடுகின்றன. மழைக்காக அன்று. ஒவ்வொரு குடையையும் ஒரு வழிகாட்டி தூக்கிப் பிடித்து முன்னே செல்ல, முப்பது நாற்பது பிரயாணிகள் அதன் பின்னே ஓடுகிறார்கள். நாம் அக்குடைகளில் எதன் பின்னாலும் போக விரும்பாது, அரை நாளுக்கென்று தனியாக ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டோம். செலவு சற்று மிகுதிதான். ஆயினும் கூட்டத்தோடு போகிறவன் கேள்வி கேட்க இயலாது. கேட்டாலும் குடை நிற்காது.

வந்தவர் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார்; பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கோட்டை வாயிலில் நம்மைக் கண்டதும் அவர் கேட்ட முதற் கேள்வி, "உங்களுக்குக் கதை வேண்டுமா, சரித்திரம் வேண்டுமா?" என்பதே. இரண்டும் வேண்டும், ஆனால் எது கதை, எது சரித்திரம் என்று பிரித்துச் சொல்லவேண்டும் என்றோம். "அப்படியானால் மெதுவாகத்தான் நடக்கவேண்டும்" என்று சொல்லிச் சிரித்தார்.

கோட்டையின் பழைய அரண்மனையில் ஒரு சன்னல் உண்டு. ஐரோப்பிய சரித்திரத்தை நாம் படித்த ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் இச்சன்னலுக்குக் கிடைத்த இடம் மூன்று வரிகளே. 1609-ல் இரண்டாம் ருடால்ப் சக்கரவர்த்தி பொஹீமிய நாட்டுப் புராட்டஸ்டண்டு மக்களுக்கு வழிபாட்டு உரிமை அளித்துச் சாசனம் எழுதிக் கொடுத்தார். பின்வந்தோர் அதை மதிக்கவில்லை. புதிதாய் எழுந்த கோயில்களில் ஒன்றை மூடவும், மற்றொன்றை இடிக்கவும் செய்தார்கள். 1618 மே 23-ந் தேதி, சினங்கொண்ட பிரபுக்கள் சக்கரவர்த்தியின் ஆளுநர்கள் இருவரையும் அவர்களுடைய எழுத்தர் ஒருவரையும் இந்தச் சன்னல் வழியாகக் கீழே தள்ளிவிட்டார்கள். ஏறக்குறைய எழுபது அடி உயரம். மூவரும் பிழைத்தனர்! கன்னிமரியாள் தாங்கிப் பிடித்தாள் என்றார்கள் கத்தோலிக்கர். குப்பை மேட்டில் விழுந்ததால் பிழைத்தார்கள் என்றார்கள் புராட்டஸ்டண்டுகள். அம்மையார் சன்னலுக்கு வெளியே சரிந்து இறங்கும் சுவரைக் காட்டி, "இந்தச் சரிவையும், அவர்கள் அணிந்திருந்த கனத்த அங்கிகளையும் பேசுவார் இல்லை" என்றார். அந்த எழுத்தருக்குப் பிற்காலத்தில் 'உயர வீழ்ச்சியார்' என்று பொருள்படும் பிரபுப் பட்டம் கிடைத்ததாம். எழுத்து வேலை செய்பவனுக்குப் பட்டம் கிடைக்கவேண்டுமானால் எவ்வளவு உயரத்திலிருந்து விழவேண்டியிருக்கிறது! எனினும் சிரிப்பு அவ்வளவோடு நின்றுவிடுகிறது. அன்று தொடங்கிய போர் முப்பது ஆண்டுகள் நடந்து, 1648-ல்தான் ஓய்ந்தது.

கோட்டையிலிருந்து இறங்கினால் வல்டாவா ஆறும் அதன்மேல் சார்லஸ் பாலமும். 1342-ல் வெள்ளம் பழைய பாலத்தை அடித்துச் சென்றபின், நான்காம் சார்லஸ் 1357-ல் இதற்கு அடிக்கல் நாட்டினார். 516 மீட்டர் நீளம், பதினாறு வளைவுகள். சோதிடர்கள் குறித்துக் கொடுத்தபடி, 1357-ஆம் ஆண்டு, 9-ந் தேதி, 7-ஆம் மாதம், 5 மணி 31 நிமிடத்துக்குக் கல் வைத்தார்கள் என்றும், அவ்வெண்களை வரிசையாக எழுதினால் 135797531 என்று முன்னும் பின்னும் ஒன்றாய் வருமென்றும் எல்லாக் குடைகளும் சொல்லிக்கொண்டு போகின்றன. "இது கதை" என்றார் நம் அம்மையார். அக்காலத்துக் கடிகாரங்களில் நிமிட முள்ளே கிடையாது. முப்பத்தோராவது நிமிடத்தை எவர் எண்ணினார்? அதுவுமன்றி, நல்ல நேரத்தில் தொடங்கிய இப்பாலத்தைப் பல வெள்ளங்கள் சிதைத்திருக்கின்றன. 1890-ல் மூன்று வளைவுகள் இடிந்து வீழ்ந்தன. இன்று பாலம் நிற்பது கொத்தர்களின் கையால். சோதிடர் சுவடியால் அன்று.

பாலத்தின் இருபுறமும் முப்பது சிலைகள். அவற்றுள் மக்கள் மொய்ப்பது நெபோமுக் யான் என்ற பாதிரியாரின் சிலையையே. அதன் அடியிலுள்ள வெண்கலத் தகடுகளைத் தொட்டால் அதிர்ஷ்டம் வருமாம். பல்லாயிரம் கைகள் பட்டுத் தேய்ந்து அவை பொன்போல் மின்னுகின்றன. அரசியின் பாவசங்கீர்த்தன இரகசியத்தை மன்னனிடம் சொல்ல மறுத்ததால் அவரை ஆற்றில் எறிந்தார்கள் என்பது கதை. சரித்திரம் வேறு. 1393-ல் நான்காம் வென்ஸ்லாஸ் மன்னனுக்கும் பேராயருக்கும் ஒரு மடத்துக்குத் தலைவரை நியமிப்பதில் சச்சரவு மூண்டது. பேராயரின் அதிகாரியாயிருந்த இவர் இடையில் அகப்பட்டுச் சித்திரவதைக்குள்ளாகி, பாலத்திலிருந்து நீரில் தள்ளப்பட்டார். மூன்று நூற்றாண்டுகள் கழித்து, 1719-ல் கல்லறையைத் திறந்தவர்கள் மண்டையோட்டினுள் செந்நிறச் சதைத் துண்டொன்றைக் கண்டு, இரகசியம் காத்த நாக்கு அழியவில்லை என்று ஆரவாரித்தார்கள். 1729-ல் அவர் புனிதராக்கப்பட்டார். 1970-ஆம் ஆண்டுகளில் அறிஞர்கள் அத்துண்டைச் சோதித்தபோது அது நாக்கு அன்று, உலர்ந்த மூளைத் தசை என்று தெரிந்தது. ஆயினும் தகட்டைத் தொடும் வரிசை குறையவில்லை. அம்மையாரும் தொட்டார். நாம் வியப்போடு பார்த்ததைக் கண்டு, "என் தாயார் தொடுவார், அதற்காகத்தான்" என்றார். இதற்கு மறுமொழி சொல்ல நமக்குத் தோன்றவில்லை.

பேசாத நாக்குக்கு இவ்வளவு சிறப்புச் செய்த நகரம் பேசிய நாக்குகளை என்ன செய்தது? அதைப் பழைய நகரச் சதுக்கத்தில் கண்டோம்.

சதுக்கத்தின் நடுவே யான் ஹஸ்ஸின் பெரிய நினைவுச் சின்னம் நிற்கிறது. இவர் பல்கலைக்கழகத் தலைவராயிருந்தவர். 1402 முதல் பெத்லகேம் ஆலயத்தில் பிரசங்கம் செய்தார். அவ்வாலயம் 1391-ல் செக் மொழிப் பிரசங்கத்துக்கென்றே நிறுவப்பட்டது. மூவாயிரம் பேர் நிற்கக்கூடியது. லத்தீன் அறியாத கைத்தொழிலாளரும் வேலைக்காரப் பெண்களும் அங்கே தம் மொழியில் கேட்டார்கள். கேட்டதை விளங்கிக்கொண்டார்கள், ஆபத்து அதில்தான் இருந்தது. 1412-ல், போப்பாண்டவர் எனத் தம்மைச் சொல்லிக்கொண்ட ஒருவரின் போர்ச் செலவுக்காகப் பிராக் கோயில்களில் பாவமன்னிப்புச் சீட்டுகள் விற்கப்பட்டன. ஹஸ் எதிர்த்தார். கோயிலிலேயே எழுந்து எதிர்த்துப் பேசிய மூன்று இளைஞர்களின் தலை துண்டிக்கப்பட்டது. பின்னர்க் கான்ஸ்டன்ஸ் நகரத்து மகாசபைக்கு வந்து விளக்கம் சொல்லும்படி ஹஸ்ஸை அழைத்தார்கள். போய்வரப் பாதுகாப்புச் சீட்டும் கொடுத்தார் சிகிஸ்மண்ட் மன்னர். போனவரைச் சிறையிலிட்டு, 1415 ஜூலை 6-ந் தேதி உயிரோடு கொளுத்திச் சாம்பலை ரைன் நதியில் கரைத்தார்கள். மதத் துரோகிக்குக் கொடுத்த வாக்கைக் காக்கவேண்டுவதில்லை என்று சமாதானமும் சொல்லிக்கொண்டார்கள். போப் இரண்டாம் யான் பால் இக்கொலைக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது 1999-ல். ஐந்நூற்றெண்பத்து நான்கு ஆண்டுகள்!

இச்சின்னம் 1915-ல், ஐந்நூறாம் ஆண்டு நிறைவில் திறக்கப்பட்டது. ஆஸ்திரிய சர்க்கார் விழாக் கொண்டாட அனுமதிக்கவில்லை. மக்கள் ஆரவாரமின்றி வந்து மலர்களால் அதை மூடிவிட்டார்கள்.

சின்னத்திலிருந்து சில அடி நடந்தால் நகர மண்டபம். அதன் சுவரில் 1410-ல் அமைத்த புகழ்பெற்ற வானியல் கடிகாரம். (அதைச் செய்தவரின் கண்களை ஊரார் குருடாக்கினார்கள் என்பதும் கதையே, கதையில் வரும் பெயரே தவறு.) எல்லோரும் அண்ணாந்து கடிகாரத்தைப் பார்க்கையில் அம்மையார் நம்மைக் கீழே பார்க்கச் சொன்னார். தரையில் வெண்கற்களால் இருபத்தேழு சிலுவைகள் பதித்திருந்தன. சன்னல் வழியே தள்ளியவர்களின் படை 1620 நவம்பரில் வெள்ளைமலைப் போரில் தோற்றது. 1621 ஜூன் 21-ல் இவ்விடத்தில் இருபத்தேழு பேர் கொல்லப்பட்டனர்: பிரபுக்கள் மூவர், வீரர் வகுப்பினர் எழுவர், நகரத்தார் பதினேழு பேர். அவர்களுள் ஒருவர் யான் யெஸ்ஸேனியஸ் என்னும் மருத்துவர், பல்கலைக்கழகத் தலைவர். 1600-ல் பிராக் நகரில் பலர் முன்னிலையில் பிணத்தை அறுத்து மனித உடலின் அமைப்பை விளக்கிக் காட்டியவர். புரட்சியாளர்களுக்காகத் தூது போய்ப் பேசிய குற்றத்துக்காக, தலையை வெட்டுமுன் அவருடைய நாக்கை அறுத்தார்கள். பன்னிருவர் தலைகள் பாலத்தின் கோபுரத்தில் பத்தாண்டுகள் தொங்கின. காலையில் அக்கோபுர வாயிலைக் கடந்துதான் வந்தோம்; அப்போது நமக்கு அது தெரியாது.

தலைகளோடு மொழியும் தாழ்ந்தது. 1627-ல் வந்த புதிய சட்டம் கத்தோலிக்கம் ஒன்றே மதம் என்றது. ஆட்சியில் செக் மொழிக்கு இணையாக ஜெர்மன் மொழியை வைத்தது. நாளடைவில் ஜெர்மன் மேடைக்கும் பதவிக்கும் உரியதாகவும், செக் சமையலறைக்கும் தொழுவத்துக்கும் உரியதாகவும் ஆயிற்று. செக் மொழிக்கு முறையான இலக்கணம் ஆராய்ந்தெழுதிய தொப்ரொவ்ஸ்கி என்ற பெரும் புலவரே அதை ஜெர்மன் மொழியில்தான் எழுதினார். அதை மீட்டவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டினர். யுங்மன் என்பவர் 1834 முதல் 1839 வரை ஐந்து பெருந்தொகுதிகளாக அகராதி வெளியிட்டார். தேசிய நாடக சாலையைப் பொதுமக்கள் தம் காசில் கட்டினார்கள். 1881-ல் திறந்த அதே ஆண்டில் அது தீப்பற்றி எரிந்தது. சில வாரங்களில் மறுபடியும் பணம் திரண்டது. 1883-ல் மறுபடியும் திறந்தார்கள். அரங்கத்தின் மேல் 'நாட்டினர் தமக்குத் தாமே' என்ற கருத்தில் எழுதியிருக்கிறது. ஆற்றோரத்தில் அக்கட்டடத்தைத் தூரத்திலிருந்து காட்டியபோதுதான் அம்மையாரின் குரலில் பெருமிதம் தெரிந்தது.

நிற்க. யூதர் வாழ்ந்த பகுதியையும் சொல்லாமல் விட முடியாது. அங்கே பழைய இடுகாட்டில் சுமார் பன்னீராயிரம் கல்லறைக் கற்கள் ஒன்றன்மேலொன்று சாய்ந்து கிடக்கின்றன. வேறு நிலம் தரப்படாததால் பிணத்தின்மேல் மண் கொட்டி மறுபிணம் புதைத்தார்கள். சில இடங்களில் பன்னிரண்டு அடுக்கு. அருகிலுள்ள பிங்காஸ் ஆலயத்தின் சுவர்களில் ஒரு படமும் இல்லை, பெயர்களே. நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள், பிறந்த தேதிகளோடு, கையெழுத்தில். 1950-ஆம் ஆண்டுகளில் எழுதியவை. 1968-ல் ஆலயம் மூடப்பட்டது. ஈரம் எழுத்துகளை அரித்தது. இருபது ஆண்டுகளுக்குமேல் மூடிக்கிடந்தபின், 1992-க்கும் 1996-க்கும் இடையே அத்தனையையும் மறுபடி முதலிலிருந்து எழுதினார்கள். செக்ரோலில் பெயரெழுதிப் பிழைப்பவர் நாம். காலைப் பிரட்டில் ஒரு பெயர் விட்டுப்போனால் அன்றைய கூலி போய்விடும். மாலைக்குள் ஆள் வந்து வாசலில் நிற்பான். இங்கே வந்து கேட்க ஆளில்லாத பெயர்களை இரண்டு முறை எழுதியிருக்கிறார்கள். அம்மையார் ஒரு சுவரின் முன் சற்று நின்றார். யாருக்காக என்று நாம் கேட்கவில்லை.

வெளியே வந்து சிறிது நடந்தால் யான் பாலாக் சதுக்கம். 1968 ஆகஸ்டில் சோவியத் படைகள் நாட்டினுள் புகுந்ததை மக்கள் பொறுத்துக்கொள்ளப் பழகுவதைக் காணச் சகியாது, 1969 ஜனவரியில் தன் உடலில் தீ வைத்துக்கொண்ட இருபது வயது மாணவன் அவன். அவன் படித்த பல்கலைக்கழகத் துறை அங்கேதான் உள்ளது. அதே பல்கலைக்கழகத்தில்தான் இந்நகரத்தில் பிறந்த கமில் சுவெலெபில் தமிழ் கற்பித்தார். சிலப்பதிகாரத்தைச் செக் மொழியில் தந்த அவரும் அப்படையெடுப்புக்குப்பின் நாட்டைவிட்டுப் போய், அமெரிக்காவிலும் ஹாலந்திலும் பணியாற்றி, 2009-ல் மறைந்தார். இதை நாம் சொல்ல, அம்மையார் கேட்டுக்கொண்டார். அன்று முழுவதும் அவருக்கு நாம் சொன்ன புதுச்செய்தி இஃதொன்றே.

அப்பொழுது அவர் ஹஸ்ஸைப்பற்றி விட்டுப்போன ஒன்றைச் சொன்னார். லத்தீன் எழுத்துகளில் அடங்காத செக் ஒலிகளுக்கு, எழுத்தின் தலையில் புள்ளி வைத்து எழுதும் முறையை வகுத்த நூல் அவருடையதென்றே கருதப்படுகிறது. அப்புள்ளியே பிற்காலத்தில் சிறு கொக்கியாய் மாறிற்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்துப் பழகிய நமக்கு இது மிகவும் பிடித்தது. அப்படிக் கொக்கியிட்ட ஒரு ரகரம் அவர்கள் மொழியில் உண்டு. அயலார்க்கு எளிதில் வாராது. அம்மையார் நாலைந்து முறை சொல்லிக் காட்டினார். நமக்கு வரவில்லை. பதிலுக்கு நாம் 'தமிழ்' என்று சொல்லி, அந்த ழகரத்தைச் சொல்லும்படி கேட்டோம். அவருக்கும் வரவில்லை. ஆசிரியையல்லவா, விடாமல் முயன்றுகொண்டே டிராம் நிற்கும் இடம் வரை வந்தார். அவர் நமக்கு ஒப்புக்கொண்ட நேரம் முடிந்து அரை மணி ஆகியிருந்தது.